எந்த பிஎச்டி அழைப்பை ஏற்பது? வேலூர்ப் பக்கத்து மாணவர்களுக்கு ஒரு கணக்கு

வாணியம்பாடியைச் சேர்ந்த ஒரு மாணவி எம்.எஸ்சி. வேதியியல் முடித்திருக்கிறார். தோல் தொழிற்சாலைக் கழிவுநீரில் உள்ள குரோமியத்தை ஆராய வேண்டும் என்பது அவர் ஆசை. ஏப்ரல் முதல் வாரத்தில் அவர் கையில் நான்கு கடிதங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சிஎஸ்ஐஆர் (அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சி மன்றம்) நெட் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை வாங்கியதால் அடையாறு மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தில் ஓர் இடம். வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில் ஒரு தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் வகுப்பு எடுப்பதோடு சேர்ந்த உதவித்தொகை. அமெரிக்காவில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில், வகுப்பெடுக்க உதவுவதற்குச் சம்பளம் தரும் டீச்சிங் அசிஸ்டன்ட்ஷிப். ஜெர்மனியில் மூன்றாண்டு ஒப்பந்த வேலை.

வீட்டில் எல்லாரும் முதலில் கேட்பது "மாசம் எவ்வளவு வரும்?" என்பதுதான். கேட்க வேண்டிய கேள்விதான், ஆனால் அது இரண்டாவதாக வரட்டும். பணத்தைத் தருவது யார், எந்த மாதம் வரை தருவதாக எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்பதை முதலில் பாருங்கள். முனைவர் பட்டத்தைப் பாதியில் விட்டவர்களில் பலருக்குப் பணம் குறைவாக இருந்தது பிரச்சினையாக இல்லை. மூன்றாம் ஆண்டு முடிவில் பணம் நின்றுபோனதுதான் பிரச்சினை. ஆய்வேடு எழுதும் நேரத்தில் கையில் காசில்லாமல் ஒரு கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தால், அந்த ஆய்வேடு ஆண்டுக்கணக்கில் அலமாரியில் கிடக்கும்.

உங்கள் பெயரில் வரும் பணம்

ஜேஆர்எஃப்பின் பெரிய பலம், அது உங்கள் பெயருக்குக் கொடுக்கப்பட்டது என்பது. 2023 ஜனவரி 1-இல் உயர்த்தப்பட்ட விகிதப்படி, முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய். அதன்பின் ஒரு குழு உங்கள் வேலையைப் பார்த்து எஸ்ஆர்எஃப் (முதுநிலை ஆய்வாளர்) ஆக உயர்த்தினால் மாதம் 42,000. மொத்தம் ஐந்து ஆண்டு. சிஎஸ்ஐஆரில் இதோடு ஆண்டுக்கு 20,000 ரூபாய் கண்டின்ஜென்சி (ஆய்வுச் சில்லறைச் செலவுக்கான தொகை) உண்டு. விடுதியில் இடம் கொடுக்காவிட்டால் வீட்டுவாடகைப்படியும் வரும். அந்தப் படி ஊரைப் பொறுத்தது. சென்னைக்குக் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்குதான் சிறிய ஊர்களுக்கு. ஆகவே "ரெண்டு இடத்திலயும் அதே 37,000தானே" என்று நினைத்துவிட வேண்டாம். ஆனால் சென்னை வாடகை அந்தக் கூடுதல் படியை விழுங்கிவிடக்கூடும் என்பதையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

கைடோடு ஒத்துப்போகாவிட்டாலோ அவர் வேறு ஊருக்குப் போய்விட்டாலோ, உரிய அனுமதி பெற்று இந்த ஃபெலோஷிப்பை இன்னொரு இடத்துக்குக் கொண்டுபோகலாம். மற்ற அழைப்புகளில் இந்த வசதி அநேகமாக இருக்காது. இன்னொன்று, கடிதம் வந்த உடனே சேர்ந்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. சேர்வதற்கு சிஎஸ்ஐஆர் கடிதத்துக்கு இரண்டு ஆண்டும் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) கடிதத்துக்கு மூன்று ஆண்டும் அவகாசம் உண்டு. அவசரப்பட்டு முதலில் கூப்பிட்ட இடத்தில் சேர வேண்டியதில்லை.

பலவீனம் பணம் வந்துசேரும் வழியில் இருக்கிறது. யுஜிசி ஃபெலோஷிப் என்றால் ஒவ்வொரு மாதமும் உங்கள் நிறுவனத்தில் ஒருவர் இணையதளத்தில் பதிவேற்ற வேண்டும், இன்னொருவர் அதைச் சரிபார்த்து ஒப்புதல் தர வேண்டும். மேக்கர், செக்கர் என்று அலுவலகத்தில் சொல்வார்கள். இந்த இருவரில் ஒருவர் விடுப்பில் போனாலும் அந்த மாதப் பணம் தள்ளிப்போகும். ஆகவே சேரும் முன் அங்கிருக்கும் ஸ்காலர் ஒருவரிடம் "கடைசியா எந்த மாசப் பணம் வந்திருக்கு?" என்று மட்டும் கேளுங்கள். "போன மாசம்" என்று சொன்னால் அலுவலகம் ஒழுங்காக இயங்குகிறது. ஐந்து மாதம் பின்தங்கியிருந்தால், அந்த ஐந்து மாதத்தை எப்படி ஓட்டுவது என்ற திட்டம் உங்களிடம் இருக்க வேண்டும். பட்டியலினத்தவர், பிற்படுத்தப்பட்டோருக்கான தேசிய ஃபெலோஷிப்புகளுக்கும் இதே கேள்வியைக் கேளுங்கள்.

உள்நாட்டில் இதைவிடப் பெரியது பிரதமர் ஆய்வு ஃபெலோஷிப். முதல் இரண்டு ஆண்டு மாதம் 70,000, மூன்றாம் ஆண்டு 75,000, நான்காம் ஐந்தாம் ஆண்டுகளில் 80,000, ஆண்டுக்கு 2 லட்சம் ஆய்வு நிதி. அது கையில் இருப்பவர் பணத்துக்காக மட்டும் வெளிநாட்டைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

இடம் உண்டு, பணம் எங்கே?

சேர்க்காட்டிலுள்ள திருவள்ளுவர் பல்கலைக்கழகத்திலும் அதனோடு இணைந்த கல்லூரிகளின் ஆய்வுத் துறைகளிலும் இடம் கிடைப்பது ஒரு விஷயம், பணம் கிடைப்பது வேறு விஷயம். இணைவுக் கல்லூரியில் சேர்ந்தால் பெரும்பாலும் ஃபெலோஷிப்பை நீங்கள்தான் கொண்டுவர வேண்டும். ஜேஆர்எஃப் இருந்தால் இது நல்ல தேர்வாகவே அமையலாம். வீட்டுச் சாப்பாடு, வாடகைச் செலவு இல்லை, தெரிந்த ஊர். இல்லாவிட்டால் பகுதிநேர வேலையும் ஆய்வுமாக இழுபட வேண்டியிருக்கும்.

திட்டப் பணியிடங்களில்தான் அதிகம் பேர் கணக்கைத் தவறவிடுகிறார்கள். ஒரு பேராசிரியருக்கு வந்த ஆய்வு நிதியிலிருந்து உங்களுக்குச் சம்பளம் வரும். ப்ராஜெக்ட் ஜேஆர்எஃப், ப்ராஜெக்ட் அசோசியேட் என்று பெயர்கள் மாறும். மருத்துவமனை ஆய்வுக்கூடங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் இப்படி நிறைய இடங்கள் உண்டு. திட்டம் மூன்று ஆண்டுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அது தொடங்கிப் பதினான்கு மாதம் கழித்து நீங்கள் சேர்கிறீர்கள். பிஎச்டி பதிவுக்கு இன்னும் எட்டு மாதம் ஆகிறது. மிச்சம் பதினான்கு மாதம். யுஜிசியின் 2022 விதிப்படி முனைவர் பட்டத்துக்குக் குறைந்தபட்சம் மூன்று ஆண்டு வேண்டும், அதிகபட்சம் ஆறு. மிச்சமுள்ள ஆண்டுகளுக்கு யார் பொறுப்பு என்று கேட்டால் "அடுத்த ப்ராஜெக்ட் வரும்மா, பாத்துக்கலாம்" என்பார்கள். வரலாம், வராமலும் போகலாம். அனுமதி ஆணையில் உள்ள தொடக்கத் தேதியையும் முடியும் தேதியையும் தயங்காமல் கேளுங்கள். அந்தப் பணியிடம் பிஎச்டி பதிவையும் உள்ளடக்கியதா, பட்டம் தரப்போவது எந்தப் பல்கலைக்கழகம் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் நல்ல கருவிகளோடு, ஓரளவு நேரத்துக்குப் பணமும் தருகின்றன. பார்க்க வேண்டியது நிபந்தனைகளை. வாரம் எத்தனை மணி நேரம் வகுப்பும் லேப்பும் எடுக்க வேண்டும்? தேர்வுக் காலத்தில் விடைத்தாள், கண்காணிப்பு எல்லாம் அந்தக் கணக்கில் சேருமா? யுஜிசியின் 2022 விதி, ஆய்வேடு கொடுக்குமுன் கட்டுரை வெளியிட வேண்டும் என்ற பழைய நிபந்தனையை எடுத்துவிட்டது. ஆனால் பல்கலைக்கழகம் தன் அளவில் அதை வைத்துக்கொள்ளலாம். "ஸ்கோபஸ் இதழில் (சர்வதேச ஆய்விதழ்ப் பட்டியலில் உள்ள இதழில்) இரண்டு கட்டுரை" என்று கேட்டால், ஏற்புக்கே ஓராண்டு ஆகக்கூடிய துறையில் நீங்கள் இருக்கிறீர்களா என்று யோசியுங்கள். உதவித்தொகை மூன்றாண்டுக்கா நான்காண்டுக்கா, பாதியில் விலகினால் வாங்கிய தொகையைத் திருப்பித் தரச் சொல்லும் பத்திரம் ஏதும் உண்டா என்பதையும் விசாரியுங்கள். அப்படியொரு பத்திரம் இருந்தால் கையெழுத்துக்கு முன் வீட்டிலுள்ள பெரியவர்களோடு உட்கார்ந்து ஒரு வரி விடாமல் படியுங்கள்.

கடல் தாண்டிய கடிதங்கள்

அமெரிக்கக் கடிதத்தில் ஐந்தாண்டுக்கு ஆதரவு என்று சொல்கிறார்களா, முதல் ஆண்டுக்கு மட்டும் உறுதி சொல்லி மற்றதை "நிதி நிலையைப் பொறுத்து" என்று விடுகிறார்களா? இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். அடுத்தது, அந்தத் தொகை ஒன்பது மாதத்துக்கா பன்னிரண்டு மாதத்துக்கா? ஒன்பது மாதத்துக்கு 27,000 டாலர் என்றால் மாதம் 3,000 வருவதுபோல் தெரியும். கோடையில் மூன்று மாதம் ஒன்றும் வராவிட்டால் உண்மையில் மாதம் 2,250தான். பன்னிரண்டு மாதத்துக்கு 30,000 என்று சொல்லும் கடிதம், மாதம் 2,500 என்று பார்க்கச் சிறியதாக இருந்தாலும் அதைவிட மேலானது. கல்விக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்த பிறகும் ஒவ்வொரு செமஸ்டருக்கும் தனிக் கட்டணங்கள் இருக்கும். அவற்றை யார் கட்டுவது, மருத்துவக் காப்பீடு முழுதும் அவர்களுடையதா என்று கேளுங்கள். டீச்சிங் அசிஸ்டன்ட் வேலை வழக்கமாக வாரம் 20 மணி நேரம். பேச்சு ஆங்கிலத் தேர்வில் தேறினால்தான் வகுப்பு தருவோம் என்று பல இடங்களில் சொல்வார்கள். சேர்ந்த பின் வைக்கும் தகுதித் தேர்வில் தவறினால் முதுகலைப் பட்டத்தோடு வெளியேற வேண்டி வரும்.

போகும்போது கையில் காசு வேண்டும். எஃப்-1 மாணவர் விசா விண்ணப்பத்துக்கு 185 டாலர், மாணவர் பதிவுக்கான செவிஸ் கட்டணம் 350 டாலர், விமான டிக்கெட், வாடகை முன்பணம். முதல் சம்பளம் வரச் சில வாரங்கள் ஆகும். ஆகவே இரண்டு மாதச் செலவைக் கையோடு கொண்டுபோக வேண்டும். இதற்குத்தான் வீட்டில் நகைக்கடன் வாங்குகிறார்கள். வாங்குவதில் தவறில்லை, ஆனால் எத்தனை மாதத்தில் அடைப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். முழு உதவி என்றால், விசாவுக்காகப் பல்கலைக்கழகம் அனுப்பும் ஐ-20 படிவத்திலேயே அது பதிவாகியிருக்கும். நிலத்துக்கு மதிப்பீட்டுச் சான்று, சொத்துப் பத்திர நகல் என்று அலைய வேண்டியதில்லை.

2025-ல் அமெரிக்க அரசு ஆய்வு நிதிகளை வெட்டியபோது, சில பல்கலைக்கழகங்கள் கொடுத்த இடங்களையே திரும்பப் பெற்றன. ஆகவே இப்போது ஒரு கேள்வி கூடுகிறது. கைடின் நிதி நின்றால் துறை உங்களை டீச்சிங் அசிஸ்டன்டாக ஏற்றுக்கொள்ளுமா? பெரிய இளங்கலை வகுப்புகள் உள்ள வேதியியல், கணிதத் துறைகளுக்கு இது எளிது. ஆய்வு நிதியை மட்டும் நம்பி நடக்கும் மருத்துவ ஆய்வுக்கூடங்களுக்குக் கடினம்.

ஜெர்மனியில் பெரும்பாலோர் வேலையாளாகத்தான் பிஎச்டி செய்கிறார்கள் என்று சொன்னால் இங்கே பலருக்கு நம்பிக்கை வருவதில்லை. டிவி-எல் இ13 என்ற சம்பள விகிதத்தில் 65 சதவீதம், 75 சதவீதம், முழுவேலை என்று ஒப்பந்தம் போடுவார்கள். சதவீதம் சம்பளத்துக்குத்தான். ஆய்வுக்கூடத்தில் இருக்க வேண்டியது என்னவோ முழுநாள்தான். 2025 நிலவரப்படி முழுவேலையின் தொடக்கச் சம்பளம் மாதம் சுமார் 4,600 யூரோ. 65 சதவீதம் என்றால் ஏறக்குறைய 3,000. வரி, காப்பீடு போகக் கையில் 2,000 யூரோ அளவுக்கு நிற்கும். அந்தப் பிடித்தத்தில் மருத்துவம், ஓய்வூதியம், வேலையின்மைக் காப்பீடு எல்லாம் அடக்கம். இதே ஊரில் ஒப்பந்தம் இல்லாமல் ஸ்டிபென்டியம் என்ற உதவித்தொகை தந்தால் பிடித்தம் இருக்காது, ஆனால் மருத்துவக் காப்பீட்டை நீங்களே கட்ட வேண்டும், மற்ற பாதுகாப்புகளும் கிடையாது. தொகை சமமாகத் தெரிந்தால் ஒப்பந்தத்தையே எடுங்கள். ஒப்பந்தம் மூன்றாண்டுக்கு என்று இருக்கும், பட்டம் முடிய நான்காண்டு ஆவது சகஜம். ஆகவே "உங்கள் கடைசி மூன்று மாணவர்களுக்கு நான்காம் ஆண்டு ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டதா?" என்று பேராசிரியரிடமே கேளுங்கள். அங்கே இப்படிக் கேட்பதை யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. நெதர்லாந்தில் இந்தக் கவலை குறைவு. வழக்கமே நான்காண்டு ஒப்பந்தம். 8 சதவீத விடுமுறைப் படியும் 8.3 சதவீத ஆண்டிறுதிப் படியும் கூட வரும்.

பிரிட்டனில் கண்ணி வேறு இடத்தில் இருக்கிறது. அரசு ஆய்வு மன்றங்களின் உதவித்தொகை 2025-26-க்கு ஆண்டுக்கு 20,780 பவுண்டு, வரி இல்லை. ஆனால் கட்டணத்தில் உள்நாட்டு மாணவருக்கான அளவுதான் அதில் அடங்கும். வெளிநாட்டு மாணவருக்கான கட்டணம் அதைவிடப் பல மடங்கு. இடைவெளியைப் பல்கலைக்கழகம் ஏற்கிறதா என்று கடிதத்தில் தெளிவாக இல்லாவிட்டால், அதை முழு உதவி என்று எண்ணவே கூடாது. ஆண்டுக்கு 776 பவுண்டு சுகாதாரக் கட்டணத்தை முழுக் காலத்துக்கும் விசா விண்ணப்பத்தோடு மொத்தமாகக் கட்ட வேண்டும். இதைப் பலர் கடைசி வாரத்தில்தான் கண்டுபிடிக்கிறார்கள்.

எந்த நாடானாலும் ரூபாயில் பெருக்கிப் பார்த்து மயங்காதீர்கள். அந்த ஊரில் ஓர் அறையின் வாடகையைக் கண்டுபிடித்து, கைக்கு வரும் பணத்திலிருந்து கழியுங்கள். பாதிக்கு மேல் வாடகைக்கே போனால் வீட்டுக்கு அனுப்ப ஒன்றும் மிஞ்சாது. கல்விக்கடன் இருந்தால் இன்னொன்றும் உண்டு. தவணை விலக்கு பொதுவாக அந்தப் படிப்புக் காலமும் கூட ஓராண்டும்தான். பிஎச்டி சேர்ந்ததாலேயே அது தானாக நீளாது. வங்கியில் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

பாலாற்றுக்குப் பக்கத்தில் இருப்பதன் மதிப்பு

நாங்கள் ஊர்ப்பாசத்தில் சொல்வதாக நினைக்க வேண்டாம். சில தலைப்புகளுக்கு வடாற்காடே ஒரு கருவி. அந்த வாணியம்பாடி மாணவியின் குரோமியத்தை எடுத்துக்கொள்வோம். மொத்தக் குரோமியத்தை அளக்க வேண்டுமென்றால் மாதிரியில் நைட்ரிக் அமிலம் விட்டு நிலைப்படுத்திப் பல நாள் வைத்திருக்கலாம். நச்சுத்தன்மை மிகுந்த ஹெக்ஸாவேலன்ட் குரோமியத்துக்கு அப்படிச் செய்ய முடியாது. அமிலம் விட்டால், நீரிலுள்ள கரிமப் பொருள்களோடு வினைபுரிந்து அது நச்சு குறைந்த ட்ரைவேலன்ட் வடிவத்துக்கு மாறிவிடும், அளவு குறைவாகக் காட்டும். நிலைப்படுத்தாத மாதிரியை 4 டிகிரி குளிரில் வைத்து 24 மணி நேரத்துக்குள் அளந்துவிட வேண்டும். ராணிப்பேட்டையில் காலையில் எடுத்த மாதிரியை மதியத்துக்குள் அடையாறு சேர்த்துவிடலாம். ஜெர்மனிக்கு அனுப்ப முடியாது. அங்கே போனால் செயற்கைக் கரைசலில் வேலை செய்ய வேண்டும், அல்லது ஆண்டுக்கொருமுறை வந்து மாதிரி எடுக்க வேண்டும். பருவமழைக்கு முன், பின், கோடை என்று இரண்டு ஆண்டு தொடர்ந்து எடுக்கும் தரவுக்கு அது ஈடாகாது.

மக்கள் நலவாழ்வு ஆய்வுக்கும் இது பொருந்தும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி கணியம்பாடி வட்டாரத்தில் நெடுங்காலமாக வைத்திருக்கும் மக்கள்தொகைப் பதிவு போன்ற ஒன்றை வெளிநாட்டில் போய்த் தேடினாலும் கிடைக்காது. மாறாக, உங்கள் தலைப்பு கோட்பாட்டு இயற்பியலோ கணினிவழி ஆய்வோ ஆனால் ஊரின் அருகாமைக்கு எந்த மதிப்பும் இல்லை. அப்போது கைடையும் குழுவையும் மட்டும் பாருங்கள்.

அருகாமை வேண்டும் என்பதற்காக, சென்னையில் சேர்ந்துவிட்டு ஏலகிரி எக்ஸ்பிரஸில் தினமும் போய்வரலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. அலுவலக வேலைக்கு அது சரிவரலாம். ஆய்வுக்கூட வேலைக்குச் சரிவராது. எட்டு மணி நேர வினை ஆறு மணிக்குள் முடியாது. மாலை வண்டியைப் பிடிக்க வேண்டியவர் நீளமான சோதனைகளைத் தவிர்த்துத் தவிர்த்து, கடைசியில் சின்னச் சோதனைகளால் ஆன ஓர் ஆய்வேட்டை எழுதுவார்.

உலோகங்களை நுண்ணளவில் அளக்கும் ஐசிபி-எம்எஸ் போன்ற கருவி அங்கேயே இருக்கிறதா, வெளியே மாதிரிக்கு இவ்வளவு என்று கட்ட வேண்டுமா என்பதையும் பாருங்கள். 20,000 ரூபாய் கண்டின்ஜென்சி இருநூறு மாதிரிக்குப் போதாது.

கைடைப் பற்றி விசாரிப்பது

இந்தியக் கைடு என்றால் வேலை எளிது. இந்திய ஆய்வேடுகளைச் சேர்த்துவைக்கும் சோத்கங்கா தளத்தில் அவர் பெயரைப் போட்டுத் தேடுங்கள். அவரிடம் முடித்தவர்களின் ஆய்வேடுகள் வரும். பதிவான தேதி, முடித்த தேதி இரண்டும் குறிக்கப்பட்டிருந்தால் கழித்துப் பாருங்கள். நான்கரை ஆண்டு சராசரி என்றால் நிம்மதி. ஏழு ஆண்டு என்றால் ஐந்தாண்டுப் பணத்தோடு அங்கே போவது ஆபத்து. பேராசிரியர் ஒரே நேரத்தில் 8 பேர், இணைப் பேராசிரியர் 6, உதவிப் பேராசிரியர் 4 என்பது யுஜிசி வரம்பு. ஓய்வுக்கு மூன்றாண்டுக்குள் இருப்பவர் புது மாணவரை எடுக்கக் கூடாது. வயதைக் கேட்கச் சங்கடமாக இருந்தால் துறை அலுவலகத்தில் ஓய்வுபெறும் ஆண்டைக் கேளுங்கள்.

கைடு தரும் பெயர்களிடம் மட்டும் பேசாதீர்கள். இடையில் விட்டுப்போன ஒருவரைத் தேடிப்பிடித்துப் பேசுங்கள். "எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால் "நல்ல மனுஷன்" என்றுதான் பதில் வரும். "எழுதிக் கொடுத்த அத்தியாயம் திரும்பி வர எத்தனை நாள் ஆச்சு?", "கட்டுரையில முதல் பேர் யாருது?", "தீபாவளிக்கு எத்தனை நாள் ஊருக்குப் போனீங்க?" என்று கேட்டால் உண்மை தானாக வரும்.

பெண்கள் இரண்டு விதிகளைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. 240 நாள் வரை மகப்பேறு, குழந்தை வளர்ப்பு விடுப்பு உண்டு, உச்சவரம்புக்கு மேல் கூடுதலாக இரண்டு ஆண்டும் உண்டு. திருமணத்தால் ஊர் மாற நேர்ந்தால் ஆய்வுத் தரவை வேறு பல்கலைக்கழகத்துக்கு மாற்றிக்கொள்ளவும் விதி இடம் தருகிறது. "கல்யாணம் ஆனா பாதியில நிக்கும்" என்று வீட்டில் தயங்குபவர்களிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

திரும்பி வந்து கல்லூரியில் வேலை பார்க்க எண்ணம் இருந்தால், உதவிப் பேராசிரியர் பணிக்கு நெட், செட் தேர்ச்சியே போதும் என்று 2023 ஜூலையில் யுஜிசி மாற்றிவிட்டது. ஆகவே நெட்டை முடித்துவிட்டு வெளிநாடு போங்கள். அது நேராதவர்களுக்கு, உலகத் தரவரிசையில் முதல் 500-க்குள் உள்ள பல்கலைக்கழகத்தின் முனைவர் பட்டத்தையும் 2018 விதி தகுதியாக ஏற்கிறது. சேரப்போகும் இடம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அந்த மாணவியின் நான்கு கடிதங்களுக்கு வருவோம். பாலாற்று நீரே அவர் கேள்வி என்றால் எங்கள் கணிப்பு அடையாறுதான். ஐந்தாண்டுப் பணம் அவர் பெயரில் இருக்கிறது, மாதிரி எடுக்கும் இடமும் எட்டும் தூரத்தில். குரோமியத்தைப் பிடித்து வடிகட்டும் புதுப் பொருள்களைச் செய்வதில்தான் ஆர்வம் என்றால், நான்காம் ஆண்டுக்கு உறுதி கிடைக்கும் பட்சத்தில் ஜெர்மனி. பன்னிரண்டு மாதச் சம்பளமும் துறையின் ஐந்தாண்டு உறுதியும் எழுத்தில் இருந்தால் அமெரிக்கா அதற்கு இணையாக நிற்கும். ஒன்பது மாதமும் முதலாண்டு உறுதியும்தான் என்றால் அதைக் கடைசியில் வைப்போம். வீட்டை விட்டு நகர முடியாத காரணம் இருந்தால், ஜேஆர்எஃப்பையே எடுத்துக்கொண்டு பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் சேர முடியுமா என்று கேட்கட்டும். வகுப்புச் சுமையும் பத்திரமும் இல்லாமல் அதே ஆய்வுக்கூடம் கிடைக்கும்.

காலக்கெடுவில் பதறாதீர்கள். அமெரிக்காவில் ஏப்ரல் 15 உடன்பாட்டில் சேர்ந்த பல்கலைக்கழகங்கள் அந்தத் தேதிக்கு முன் பதில் சொல்லக் கட்டாயப்படுத்த முடியாது. மற்ற இடங்களுக்கு ஒரு மின்னஞ்சல் போதும்: "உங்கள் அழைப்புக்கு நன்றி. முடிவெடுக்கும் முன் மூன்று விவரங்கள் எழுத்தில் தேவை. உதவித்தொகை எந்தத் தேதி வரை உறுதி? நெறியாளர் மாறினால் அது தொடருமா? நான் கட்ட வேண்டிய கட்டணங்கள் என்னென்ன? பத்து நாள் அவகாசம் கேட்டுக்கொள்கிறேன்." தொலைபேசியில் பதில் சொன்னால், பேசி முடித்ததும் அவர்கள் சொன்னதை நீங்களே எழுதி அனுப்பி "இது சரிதானே?" என்று உறுதி கேளுங்கள். அசல் சான்றிதழ்களைச் சரிபார்க்கக் காட்டலாம், ஒப்படைத்துவிட்டு வர வேண்டாம். நிறுவனங்கள் அவற்றைத் தம்மிடம் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது யுஜிசியின் விதி. ஓரிடத்தில் சேர முடிவானதும் மற்ற மூன்று இடங்களுக்கும் அன்றைக்கே மறுப்பு எழுதிவிடுங்கள். காத்திருப்போர் பட்டியலில் இருக்கும் இன்னொருவருக்கு அந்த இடம் போய்ச்சேரும்.